குடும்பத் தலைவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்

லூர்துராணி பட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முதலில் வருகிறது.

பாலக்கரையில் எங்கள் எதிர்வீடு அவளுடையது. அவள் தம்பி விக்டருக்குப் பிறவியிலேயே கால் விளங்காது, பேச்சும் குழறும். ஆனால் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவதில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அம்மா இறந்த நாளிலிருந்து பதினான்கு வருஷமாக அவனைக் காலையில் முதுகில் சுமந்து பட்டறையில் விடுவதும், சாயங்காலம் சுமந்து வருவதும் இவள்தான். அவள் கல்யாணத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. திறந்தால் தம்பியை யார் சுமப்பது?

1981-இல் ஊனமுற்றோர் ஆண்டு என்று ஊரெல்லாம் தட்டி கட்டினார்கள். ஒரு சேவைச் சங்கம் வீடு வீடாகக் கணக்கெடுக்கக் கிளம்பியது. கணக்கில் தேறியவர்களுக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் இலவசம் என்றார்கள். வந்துவிட்டால் விக்டர் தானே பட்டறைக்குப் போய்விடுவான். அந்த வாரம் முழுக்க லூர்துராணிக்கு வேறு பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் படிவக்காரர் வந்தார். அவர்களுக்கு ஒரு வழக்கம். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யாரோ, அவரிடம் மட்டும்தான் கேட்பார்கள். கார்டு அண்ணன் கிளமென்ட் பெயரில் இருந்தது. அவனோ ஸ்ரீரங்கத்தில் தனிக்குடித்தனம். அன்றைக்குக் கறிக்குழம்புக்காக வந்திருந்தான்.

விக்டர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். படிவக்காரர் அவன் தலைக்கு மேலாகப் பார்த்து, "இவரு தானா எதுவும் செஞ்சுக்குவாரா சார்?" என்று கிளமென்டைக் கேட்கிறார்.

"எங்கங்க? எல்லாம் நாமதான் பாக்கணும்."

நாமதானாம்! தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்திராத மனிதன்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் லூர்துராணி. "பொய்ங்க சார்! அவன் வேலைக்குப் போயி சம்பாதிக்கிறான். அவனையே கேளுங்க."

"தலைவர் சொல்றதைத்தாம்மா எழுதணும்."

எழுதினார். லூர்துராணி பெயருக்கு நேரே 'வேலை இல்லை' என்றும் எழுதினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

இரண்டு மாதம் கழித்து ஒரு போர்வை வந்தது. விக்டரைப் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

மறுநாளே போர்வையை என்னிடம் கொடுத்து, என்னையும் கூடவே வரச் சொல்லிவிட்டு, தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த சங்க அலுவலகத்தின் மாடிப்படி ஏறினாள். மேலாளர் பிச்சமுத்து விக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னம்மா வேணுமாம்?" என்று அவளைக் கேட்டார்.

"அவன்கிட்ட கேளுங்க. புரியற வரைக்கும் கேளுங்க."

தம்பியை அவர் எதிரே நாற்காலியில் இறக்கிவிட்டுத் தள்ளி நின்றாள். வேறு வழியில்லாமல் கேட்டார். விக்டர் சொன்னது புரியவில்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை எனக்கே புரிந்துவிட்டது.

"சைக்கிள் வேணும். அக்கா முதுகு போச்சு. குனிஞ்சா அழுவுது. இனிமே அது என்னைத் தூக்கக் கூடாது."

பிச்சமுத்து படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எத்தனையோ கட்டம் இருந்தது, இதை எழுத ஒரு கட்டம் இல்லை. கடைசியில் ஓரத்து வெள்ளையில் நுணுக்கி எழுதி, சைக்கிள் பட்டியலில் பெயரைச் சேர்த்தார்.

லூர்துராணி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா, இத்தனை வருசமா இதை என்கிட்ட சொல்லல?"

"நீயும் கேக்கலையேக்கா" என்றான் விக்டர்.