நான் எடுத்துவிட்ட சிறு கோடுகள்

கடந்த புரட்டாதி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை ஏழு நாற்பது. உப்புவெளிக் கடற்கரையில் மீன் வாங்க நின்றபோதுதான் எல்லாம் குழம்பத் தொடங்கியது. பிழை அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. அது எனக்குத் தெரியவந்த நேரத்தைத்தான் சொல்கிறேன்.

வழக்கமாக நான் மீன் வாங்குபவர் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிக்குள் உடைத்த ஐஸைக் கொட்டி, அதன்மேல் ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றினார். எனக்குப் புதினமாக இருந்தது.

"ஏன் தம்பி கடல் தண்ணியை ஊத்துறீர்? ஐஸ் கரைஞ்சிடாதே?"

"கரையும்தான் அண்ணை. ஆனா குளிர் கூடும். நல்ல தண்ணியெண்டா பூச்சியத்தில உறைஞ்சு போயிடும். உப்புத் தண்ணி அதுக்குக் கீழ போனாலும் தண்ணியாத்தான் கிடக்கும். கையை வைச்சுப் பாருங்கோ."

வைத்தேன். விரல் நுனிகள் சுட்டதுபோல் இருந்தன.

"ஒருக்கா மீன்பிடிக் கந்தோர் ஆக்கள் வந்து எங்களுக்கு வகுப்பு வைச்சவை. வெப்பமானியை உள்ளுக்க விட்டுக் காட்டினவை. மைனஸ் ஒண்டரை. தண்ணி தண்ணியாவே நிக்குது," என்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கந்தோர்க் கதிரையில இருக்கிற ஆக்களுக்கு இது தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்?"

நான் சிரிக்கவில்லை. கையை வெளியே எடுக்கவும் மறந்துவிட்டேன். கடல் தண்ணீர், மைனஸ் ஒன்றரை, தண்ணீராகவே நிற்கிறது. நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றின் காணிக் கிளையில் இருபத்தாறு வருடங்களாக வேலை செய்கிறேன். பழைய காணி உறுதிப் பத்திரங்கள், பழைய பதிவேடுகள் என்று மங்கிய மையெழுத்தை வாசித்தே என் கண் பழகிவிட்டது. ஒன்றா ஏழா, நான்கா ஒன்பதா என்று மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

எங்களுக்கு ஒரே பிள்ளை. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய கடல் எங்கள் கடல் அல்ல. கிறீன்லாந்துப் பக்கத்து வடகடல். அங்கே நூறு வருடங்களுக்கு முன்னர் ஓடிய கப்பல்களின் நாட்குறிப்புகளைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். காற்று எந்தத் திசை, வெளியில் எவ்வளவு குளிர், வாளி இறக்கி எடுத்த தண்ணீரில் எவ்வளவு குளிர் என்று நாளுக்கு நான்கு தடவை மாலுமிகள் எழுதி வைத்தவை.

"இப்ப அந்தக் கடல் சூடாகுது எண்டு எல்லாருக்கும் தெரியும் அப்பா," என்று அவள் ஒரு விடுமுறையில் சொன்னாள். "ஆனா அது தானாவும் கொஞ்ச வருஷம் சூடாகி, பிறகு கொஞ்ச வருஷம் குளிர்ந்து ஆடுற கடல். அந்த ஆட்டம் எவ்வளவு எண்டு தெரிஞ்சாத்தான், இப்ப நடக்கிறது அதுக்கு மேல எவ்வளவு எண்டு சொல்லலாம். வானத்திலயிருந்து அளக்கிற செய்மதி வரமுந்தி அதை அளந்தது வாளியும் பென்சிலும்தான்."

எழுத்தை வாசிக்க அவள் கஷ்டப்படுவதைப் பார்த்து நான்தான் கேட்டு வாங்கினேன். ஒரு கப்பல் என் பங்குக்கு வந்தது. பன்னிரண்டு வருடக் குறிப்புகள். மொழி எனக்குத் தெரியாத ஏதோ ஐரோப்பிய மொழி. ஆனால் இலக்கங்களை வாசிக்க மொழி தேவையில்லை. பின்னேரங்களில் வேலையால் வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அவளுடைய பழைய மடிக்கணினியில் தட்டச்சு செய்வேன்.

அவள் ஒரே ஒரு விடயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "எழுதியிருக்கிறபடியே அடியுங்கோ அப்பா. பிழை எண்டு உங்களுக்குப் பட்டாலும் திருத்தாதேங்கோ."

ஓம் என்றேன். இருந்தும் திருத்தினேன்.

தண்ணீருக்குரிய நிரலில், குளிர்கால மாதங்களில், இலக்கத்துக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தது. எங்கள் கிளையில் காணியின் அளவை எழுதும்போது நாங்களும் இலக்கத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு கோடு இழுப்போம். பிறகு யாரும் முன்னுக்கு இன்னொரு இலக்கம் சேர்க்க ஏலாது. இருபத்தாறு வருடங்களாக நான் இழுத்துவரும் கோடு. அதைக் கண்டதும் அந்த மாலுமி மேல் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது, நம்மைப் போல ஒழுங்கான மனிதன் என்று. காற்றுக்குரிய நிரலில் இருந்த கோட்டை மைனஸ் என்றே அடித்தேன். காற்று எவ்வளவும் குளிரலாம். ஆனால் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போனால் ஐஸ் அல்லவா? ஐஸுக்குள் எப்படி வாளியை இறக்குவது? ஆகவே தண்ணீர் நிரலில் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு அடித்தேன். பன்னிரண்டு குளிர்காலங்கள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்தவன் என்ற நினைப்பு.

மகள் சில பக்கங்களை எடுத்துச் சரிபார்த்தாள். அவை கோடைப் பக்கங்களாக அமைந்துவிட்டன. பிறகு ஒருநாள் சந்தோஷமாக அழைத்தாள். "அப்பா, உங்கட கப்பல்தான் எனக்கு அதிர்ஷ்டம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் தண்ணி சூடா இருந்திருக்கு. ஒருத்தரும் இதைச் சொல்லேல்ல." அன்று முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் தன் ஆய்வைப் பேச இருந்தாள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் இணையவழியாகக் கேட்க இருந்தார்கள். வடகடலுக்குப் போகும் ஆய்வுக் கப்பலில் ஒரு மாணவருக்கு மட்டும் இடம் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர்களும் அவர்களே.

மீனை வாங்காமலே சைக்கிளைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பஸ் ஏறினால் இறங்கும்வரைக்கும் அழைப்பவன் நான். மழை பெய்தாலும் அழைப்பேன், பெய்யாவிட்டாலும் அழைப்பேன். முதல்நாளே சொல்லியிருந்தாள்: "நாளைக்குக் காலமை கோல் பண்ணாதேங்கோ அப்பா. உங்கட குரலைக் கேட்டா எனக்கும் உங்கட பதட்டம் தொத்திக்கொள்ளும்." காரணமில்லாமல் ஆயிரம் தடவை அழைத்தவனுக்குக் காரணம் வந்தபோது கேட்க ஆளில்லை.

"அவசரம், எடு" என்று எழுதி அனுப்பினேன். "பிறகு அப்பா" என்று பதில் வந்தது. ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தாள்.

மனைவி குசினியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"இப்ப சொன்னா பிள்ளை பதறிப்போயிடுவாள். பேசி முடியட்டுமே. பின்னேரம் ஆறுதலாச் சொல்லுங்கோவன்."

அது நியாயமாகத்தான் பட்டது. சொல்லாமலே விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் எனக்குள் வந்து போனது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எங்கள் கிளையில் எழுதியது யாராக இருந்தாலும், கையெழுத்து வைத்தவர்தான் பதில் சொல்லவேண்டும். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் என் பிழையின் கீழ் என் மகள் கையெழுத்து வைக்கப்போகிறாள்.

எட்டு ஐம்பதுக்கு எழுதினேன். "பிள்ளை, தண்ணி நிரலில் குளிர்கால மைனஸ் எல்லாம் நான் எடுத்துவிட்டேன். கோடு என்று நினைத்தேன். அந்தப் பன்னிரண்டு வருடமும் சூடில்லை. இது அப்பாவின் பிழை." அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்ற நீல அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை.

ஒன்பதரை ஆனது. பத்தரை ஆனது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு முன்வாசலில் கதிரை போட்டு இருந்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு வரி வந்தது: "நாளைக்கு வீட்ட வாறன்." கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை. அன்றுதான் நான் அவளைத் திருப்பி அழைக்கவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் திரும்பிய நேரத்தில் படலைக்கு முன்னால் ஓட்டோ வந்து நின்றது. அவள்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கண் களைத்திருந்தது. நான் எழுந்து நின்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, என் கதிரையிலேயே இருந்துகொண்டு அவள் சொன்னாள்: "முதல் அரை மணித்தியாலம் கழிவறையில நிண்டு அழுதனான் அப்பா. பிறகு மூலப் படங்களில ஒரு பத்துப் பக்கம் பார்த்தன். எல்லாத்திலயும் கோடு இருக்கு. தொடங்கேக்கையே சொல்லிப்போட்டன், ஒரு கப்பலின்ர மைனஸ் அடையாளம் எல்லாம் விடுபட்டுப்போச்சு, அதை விட்டுட்டு மிச்சத்தைத்தான் கதைக்கப்போறன் எண்டு."

"அவை என்ன சொன்னவை?"

"ஒருத்தர் கேட்டார், ஆர் அடிச்சது எண்டு. எங்கட அப்பா எண்டன். கடல் ஒருநாளும் உறையாத ஊர்க்காரர் எண்டன். எல்லாரும் சிரிச்சினம்." அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "இடம் கிடைக்குமோ தெரியாது. சூடான பன்னிரண்டு வருஷம் இருந்திருந்தா நிச்சயம் கிடைச்சிருக்கும். கிடைச்சு, கப்பலுக்குப் போன பிறகு ஆராவது கண்டுபிடிச்சிருந்தா?"

அவள் பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்து என் கையில் தந்தாள்.

"திருப்பி அடிக்கவேணும். உங்கட கப்பல், நீங்களே அடியுங்கோ. இந்தமுறை கோட்டைக் கண்டா கோட்டை அடியுங்கோ."

இப்போது ஏழாவது குளிர்காலத்தில் நிற்கிறேன், ஒவ்வொரு கோடாக அடிக்கிறேன். அந்தக் குளிரில் வாளியைத் தூக்கி, விறைத்த கையால் அந்தக் கோட்டைப் போட்ட மாலுமியை விட எங்கள் ஊர்க் கடலை மட்டும் பார்த்த எனக்கே அதிகம் தெரியும் என்று நினைத்திருந்தேனே என்பதுதான் இன்னும் என் நெஞ்சை உலுக்குகிறது.