இதில் சிவப்பு எது?

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் சுமை தூக்கி, சொந்தக் கடை வைத்து, மாடியில் ஸ்னூக்கர் மேசையும் போட்டவன் நான். படிப்பு நாலாவதுதான். அறுபத்தைந்து வயதில் மூத்தோர் தொழில்முறைப் போட்டியில் அரையிறுதிக்கு வந்தேன்.

நின்று நின்று முட்டி ஓய்ந்துவிட்டது. கண்ணும் மங்கல். குழியோரம் சிவப்புப் பந்தும் பிரவுன் பந்தும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. சிவப்பைத்தான் அடிக்க வேண்டும்; மாற்றி அடித்தால் புள்ளி போய்த் தோல்வி. நடுவரிடம் நிறம் கேட்கலாம், விதியே உண்டு. கௌரவம் விடவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, தூரத்துச் சிவப்பு ஒன்றை லேசாகத் தொட்டு முறையை விட்டுக்கொடுத்தேன்.

தன் முறை வந்ததும், எதிர்த்து ஆடிய காசிமேட்டுப் பெரியவர் சத்தமாகக் கேட்டார்: “இன்னா சார், இதுல செவப்பு எது?”

“ஜன்னல் பக்கம் இருப்பது,” என்றார் நடுவர்.

அவரோ தூரத்துச் சிவப்பொன்றை அடித்துத் தவறவிட்டார். நான் ஜன்னல் பக்கத்துப் பந்தைக் குழியில் போட்டு ஜெயித்தேன்.

“நெஜமாவே தெரிலயா நைனா?” என்றேன் வெளியே.

“எனுக்கு நல்லாத் தெரியும் மாமு. நீதான் வாயத் தொறக்க மாட்டேன்னு நின்னுகினு இருந்த!”

அவர் செய்ததை எழுதிவிட்டேன். ஆனால் பந்தைப் போட்டது நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.