பூண்டு உரிக்கச் சொன்ன மல்யுத்த வீரர்

ஐம்பது வயதில் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு லிங்கராஜபுரத்தில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஒரு வீடியோ கேமை நாற்பதே நிமிடம் ஆடிவிட்டு, அதைக் கிழித்து நாலு பக்கத்துக்கு விமர்சனம் எழுதினேன். புத்தகத்தை முழுசாகப் படிக்காமல் மதிப்புரை எழுதுகிறவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டி வந்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு சண்டை கேம் மேல் பைத்தியம். எங்களுக்கு என்றால் ஐந்து பேருக்கு. ஐவருக்கும் வழுக்கை, தொப்பை இரண்டில் ஒன்றாவது உண்டு; எனக்கு இரண்டும். ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் மர்பி டவுனில் இருக்கும் நண்பர் சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பியதும் அங்கே கூடி, ஜாய்ஸ்டிக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்வோம். திரையில்தான்.

அந்த கேமின் ஆட்களையே வைத்துப் புதிதாக ஒரு சாகசக் கதை கேம் வந்தது. அதில் சண்டையே கிடையாது. தபால் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும். இத்தனை வருடம் எங்களைத் தலைகீழாகத் தூக்கிப் போட்ட மல்யுத்த வீரர், முதல் ஊரில் மணை போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் பூண்டு உரித்துத் தர முடியுமா என்கிறார். ஒரே பொத்தானை அழுத்தி அழுத்தி உரிக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

தமிழில் கேம் பற்றிப் பேசும் இணையக் குழு ஒன்றில் அதைப் போட்டதும் ஏகப்பட்ட கைதட்டல். புனைபெயரில் ஒரே ஒரு ஆள் மட்டும், ‘மூணாவது ஊர் வரைக்கும் போய்ப் பாருங்க சார்’ என்று பணிவாக எழுதினார். ‘அதற்குள் என் ஆயுள் முடிந்துவிடும்’ என்றேன். சிரித்தார். மறுநாளும் அதையே சொன்னார். ஒரு வாரம் இப்படியே போக, கைதட்டல் தந்த போதையில் கடைசியாக எழுதினேன்: ‘விரல் இல்லாதவர்கள்கூட ஆடலாம் என்றுதான் இதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் தாராளமாக ஆடுங்கள்.’ அதற்குப் பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக மர்பி டவுனில் தம்பட்டம் அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன். எங்கள் ஐவரில் ஒருவரான கிருஷ்ணகிரிக்காரரின் மனைவி. நண்பர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஒரு வருடமாகக் கூட்டத்துக்கு வருவதில்லை. கேட்டால் ‘வேலை ஜாஸ்திண்ணா’ என்பார். கடைசியாக என்னிடம் தோற்ற ரோஷம் என்று நானாக முடிவு கட்டி, அதில் பெருமையும் பட்டிருந்தேன்.

“அவருக்குத் தெரியாம பேசறேங்கண்ணா. போன வருஷம் பிரஸ் மெஷின்ல வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சு. உங்க யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டார். அந்த மூணாவது ஊர்க்காரர் அவர்தான். உங்க பதிலைப் படிச்சுப் படிச்சுச் சிரிப்பார். இப்ப ரெண்டு நாளா கேமை அட்டைப் பெட்டியில போட்டு பீரோ மேல ஏத்திட்டார். வேலைக்குப் போறார், வந்து சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கார்.”

மறுநாளே மெட்ரோ ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது, அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. எட்டு வருடப் பழக்கம். அந்த அம்மாவுக்கே போன் போட்டு வழி கேட்டேன்.

கதவைத் திறந்தவர் வலது கையைச் சட்டென்று பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். மன்னிப்பை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். “ஊட்டா ஆய்த்தாண்ணா?” என்று சாப்பாட்டை விசாரித்தார். என் மன்னிப்பு இருமலாக முடிந்தது.

“சும்னே விளையாட்டுக்குக் கிண்டல் பண்ணீங்க, விடுங்க. நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யாரா இருந்தாலும் எழுதியிருக்கக் கூடாதுய்யா,” என்றேன். உள்ளே போய் உட்கார்ந்து, “பீரோ மேல இருக்கறதை எடு. மூணாவது ஊரைக் காட்டு” என்றேன்.

அவர் கையை வெளியே எடுத்துப் பெட்டியை இறக்கினார். “ஜாய்ஸ்டிக்ல குத்து விட நாலு விரல் வேணும்ணா. இந்தச் சின்ன ரிமோட்ல கட்டை விரல் போதும்,” என்று என்னிடம் நீட்டினார். நான் பூண்டு உரித்தேன். “இந்த ஆளோட எத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருப்போம். வீடு எங்கன்னு இப்பதானே தெரிஞ்சுது?” என்றார். அவர் மல்யுத்த வீரரைத்தான் சொன்னார். நான் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது ஊருக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கே ஒரு விருந்து. நாங்கள் காலகாலமாக உதைத்துத் தள்ளிய அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நமக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. மல்யுத்த வீரர் குழம்பு பரிமாறுகிறார். நான் உரித்த பூண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. நண்பர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் மர்பி டவுன் வந்தார். முதல் ஐந்து நிமிடம் யாரும் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டோம். அவரே, “நல்லா பாத்துக்கங்கப்பா, அப்புறம் ஆட்டத்துல கவனம் வைங்க” என்று கையை நீட்டிவிட்டார். அதன் பிறகு கேமை ஐந்து பேரும் மாற்றி மாற்றி ஆடினோம்.

அதைக் கடைசி வரை ஆடி முடித்து, மன்னிப்புக் கேட்டுப் புது விமர்சனம் எழுதினேன். பழையதைவிட இரண்டு பக்கம் கூடுதல். இன்றைக்கும் யாரையாவது நாலு வார்த்தை நறுக்கென்று எழுதக் கை துறுதுறுக்கும்போது, மெட்ரோவில் பாதி வழியில் அவர் வீடு தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நிமிடம்தான் வந்து கையைப் பிடிக்கிறது.

புது விமர்சனம் எப்படி என்று அவரிடமே கேட்டேன்.

“தப்பா நினைக்காதீங்கண்ணா. அந்தப் பழைய திட்டு விமர்சனம் படிக்க ஜோரா இருந்துச்சு. இது மூணாவது பாராவுக்கு மேல போக முடியலை.”