மாறிக்கே

பகலில் எனக்குப் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை. சாயங்காலம் ஆனால் கிடார். அதிலும் எனக்குப் பைத்தியம் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டின் மேல்தான். ஒரு கம்பியை வளைத்து இழுத்து, அடுத்ததை வெடுக்கென்று சுண்டி, வாயாடிப் பெண் பேசுகிற மாதிரி வரும் குட்டித் துணுக்குகள். லிக்கு என்போம். "இந்த ஊரில் இதை யார் கேட்கப் போகிறார்கள்?" என்பாள் மனைவி. நான் கேட்கிறேனே, போதாதா?

நாங்கள் மூன்று பேர். டிரம்ஸ் வாசிப்பவன் சிலமலைக்காரன், என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. கூடவே ரிதம் கிடார் வாசிப்பவர் மலைமேல் ஜீப் ஓட்டும் மலையாளி அண்ணன். லிக்கு வாசிக்கும் லீடு கிடார் நான்.

லிக்கு வாசிப்பது பெரிய காரியமில்லை. அண்ணன் வாசிக்கும் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மாறும்போது லிக்கும் கூடவே மாற வேண்டும், அதுதான் பாடு. ஜி முடிந்து சி வந்தால், என் விரலும் சி-க்கு உரிய சுரத்தில் போய் உட்கார வேண்டும். வீட்டில் தனியாக வாசித்தால் அழகாக உட்காரும். ஒத்திகையில் மட்டும் சரியாக அந்த இடத்தில் அண்ணன் பின்னாலிருந்து "மாறிக்கே!" என்று கத்துவார். ஐயோ, கார்டை மாற்றச் சொல்கிறார், பிந்திவிட்டோம் என்று பதறி அடுத்த கார்டுக்குத் தாவுவேன். அண்ணன் இன்னும் பழைய கார்டிலேயே இருப்பார். நாராசமாக இருக்கும். ஆத்திரத்தில் கிடாரைப் பையில் திணித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுவேன்.

"நல்லாத்தான வாசிச்சுட்டு வர்றே மாப்ளே, கார்டு மாறுற எடத்துல மட்டும் ஏன் இப்படிப் பறக்குறே?" என்பான் சேக்காளி.

போடிமெட்டுக்கு மேலே ஒரு விடுதியில் விருந்தாளிகளுக்காக வாசிக்கக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவையும் சொதப்பினால் லீடை விட்டுவிடுகிறேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வீம்புக்குச் சொல்லவில்லை. உள்ளுக்குள் அழுகையாக வந்தது.

அண்ணனுடைய ஜீப்பில்தான் ஏறினோம். மெட்டில் டீக்கு நிறுத்தினார். கிளம்பும்போது ஒருவர் ஜீப் கதவை மறைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம், "சேட்டா, ஒந்நு மாறிக்கே" என்றார். அவர் நகர்ந்து வழி விட்டார்.

எனக்குச் சுரீரென்றது. இந்த மலையாளம் எனக்குத் தெரியாததா? தள்ளி நில் என்று அர்த்தம். ஆனால் கிடார் கையில் இருந்தால் எனக்கு மாறுவதென்றால் கார்டு ஒன்றுதான்.

"அண்ணே, ஒத்திகையில என்னையும் தள்ளி நிக்கத்தான் சொன்னீகளா?"

"பின்னே? லீடு வந்தா நீ ஒரு அடி முன்னாடி வந்து எனக்கும் டிரம்ஸ்காரனுக்கும் நடுவிலே நிக்கும். அவன் தலையாட்டுறது பார்த்தல்லே நான் கார்டு மாத்தணும்? உன் முதுகு பார்த்து மாத்த முடியுமோ?"

சேக்காளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. நான் ஒருநாளும் பிந்தவில்லை!

விடுதியில் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். ஜி முடிந்தது. பின்னாலிருந்து கத்தல் வரவில்லை. சி வந்தது, விரல் அதன் மேல் போய் உட்கார்ந்தது. அடுத்த சுற்றில் கொஞ்சம் திமிராகவே கம்பியை இழுத்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா தொடையில் தாளம் போட்டார்.

முடிந்ததும் சேக்காளி குச்சியைக் காதில் சொருகிக்கொண்டு, "அப்ப லீடுக்கு வேற ஆளு பாக்கவா மாப்ளே?" என்றான்.

"பாத்துருவியா நீ?" என்றேன்.