மாடியில் பட்டன், கடையில் பேப்பர்

பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுக்கிற தொழிலில் விரலுக்குத்தான் வேலை என்று நினைப்பீர்கள்; எனக்கென்னவோ முழங்காலுக்குத்தான் வேலை. ஒரே பிரிண்டரை வீடு முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டு அல்லாடுகிற என் இனத்தாருக்கு இது விளக்காமலே புரியும்.

பிரிண்டர் கீழே போன கதை

நான் படித்த கான்வென்டில்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே ஹெச்.எம். சிஸ்டர், "ஒரு பேப்பர் வெளிய போச்சுன்னாலும் அதோட உனக்கு வேலை கிடையாது" என்று சொல்லிவிட்டார். எட்டு மாதக் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை வேறு எனக்கில்லை. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

முதலில் பிரிண்டர் மாடியில் என் பக்கத்தில்தான் இருந்தது. அது கிறீச்சிடும்போதெல்லாம் பாப்பா வீறிட்டு அழுதாள். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக் கீழே மாமாவின், அதாவது தன் அப்பாவின், உரக்கடையில் வைத்து, கடை சிஸ்டத்தில் மாட்டி, வைஃபை வழியாக என் லேப்டாப்புக்கும் ஷேர் பண்ணிவிட்டார். "யாராவது பாத்துட்டா?" என்றேன். "உரம் வாங்க வாறவன் உன் கேள்வித்தாளைப் படிச்சு என்ன பாஸா பண்ணப் போறான்?"

குருவிகுளத்துக்காரரின் சந்தேகம்

மாமா பில் போட்ட அதே நேரத்தில் நான் ஏழாம் வகுப்புப் பயிற்சித்தாளை அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்ததை மாமா அப்படியே பின் அடித்துக் கொடுத்துவிட்டார். வாங்கிப் போனவர் குருவிகுளத்து விவசாயி. பஸ் ஸ்டாண்டு வரை போனவர் அங்கே பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். 'மண்ணுக்கு இடும் உரங்கள் மூன்றின் பெயரை எழுதுக' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"யூரியா, பொட்டாஷ் ரெண்டும் நமக்குத் தெரியும் அண்ணாச்சி. மூணாவதை நீங்களே எழுதிக்கிடுங்க."

பதினொரு பிரதி

கடை சிஸ்டம் ஓடினால்தான் மாடியிலிருந்து பிரிண்ட் போகும். மாமாவுக்கோ சாப்பிடப் போகுமுன் கடையில் இருக்கிற எல்லா சுவிட்சையும் அணைத்தாக வேண்டும். ஒருநாள் மத்தியானம் நான் பிரிண்ட் கொடுக்கிறேன், சத்தமே இல்லை. மறுபடி கொடுத்தேன். பயந்த கை சும்மா இருக்குமா? அமுக்கிக்கொண்டே இருந்தேன். மாமா சாப்பிட்டு வந்து சுவிட்சைப் போட்டதும் அடக்கிவைத்ததெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. பழைய மாதிரித்தாள்தான், பதினொரு பிரதி. கீழேயிருந்து குரல் வந்தது.

"எம்மா, பரீட்சையை நம்ம கடையிலயே வைக்கப் போறியளோ?"

துண்டுச்சீட்டு

அந்தப் பதினொன்றையும் மாமா எறியவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே! அன்றிலிருந்து பிரிண்டரில் கிடக்கிற தாளெல்லாம் அவருக்குத் துண்டுச்சீட்டு. எந்த மருந்து, எத்தனை மூடி, எப்போது அடிக்க வேண்டும் என்று எழுதி விவசாயிகளிடம் நீட்டுவார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அரையாண்டுக்கு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாளை அனுப்பிய அன்று, மாடிப்படியில் பாதி இறங்கும்போது பாப்பா அழுதாள். திரும்ப ஏறி, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினால் பிரிண்டர் காலி. "பனவடலிசத்திரத்து ஆளுக்கு மருந்து எழுதிக் குடுத்தேன்" என்றார் மாமா. அந்த ஆளின் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு! அது பரீட்சைத்தாள் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா உடனே போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"அந்தத் தாளா? 'கேள்வித்தாளு மாதிரி இருக்கு, பாருட்டி'ன்னு மககிட்ட நீட்டுனேன். 'சோறு திங்கும்போது ஏம்ப்பா இதைக் காட்டுதிய'ன்னு எந்திரிச்சுப் போயிட்டா தாயி."

சிஸ்டர் முன்னால்

"அதான் பாக்கலையே, சிஸ்டர்கிட்ட சொல்லாண்டாம்" என்றார் மாமா. பார்க்கவில்லை என்று யார் கண்டது? பன்னிரண்டு வருஷம் அந்த சிஸ்டர் முன்னால் கைகட்டி நின்றவள் நான். பொய் தொண்டையைத் தாண்டாது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சிஸ்டர் பாப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேற பேப்பர் தாரேன். இங்கன உக்காந்து டைப் பண்ணு. பிரிண்டும் என் கண்ணு முன்னால எடுக்கணும்."

டைப் செய்து முடித்தேன். சிஸ்டர் தம் கையாலேயே பட்டனை அமுக்கினார். அறையில் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு மெஷின் கிறீச்சிட்டது. சிஸ்டர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினார்.

"ஓடு பிள்ளே, பிரிண்டர் ஸ்டாஃப் ரூம்லல்லா இருக்கு!"

வேலை தப்பியது. பிரிண்டரை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பங்கு போடலாம், ஓட்டத்தை மட்டும் அமுக்கியவர்தான் ஓட வேண்டும்.