திங்கட்கிழமை சூடுபண்ணிய கறிக்குழம்பு

எழுபதுகளில், சுங்குவார்சத்திரத்துக்கு அருகே கன்னியாஸ்திரீகள் நடத்திய முதியோர் இல்லத்தில் நான் சமையற்காரி. அத்தனை கிழங்களுக்கும் மூன்று வேளையும் பொங்கிப் போட்டது நான்தான். அதனால் பழியும் எனக்குத்தான்.

அந்த வருஷம் தவக்காலம் முழுக்கக் கறியைக் கண்ணால் பார்க்காத வாய்கள். ஈஸ்டர் அன்றும் எங்களுக்குக் கத்திரிக்காய்க் குழம்புதான். மறுநாள் திங்கட்கிழமை காலையில், ரைஸ்மில்காரர் வீட்டிலிருந்து ஓர் அண்டா ஆட்டுக்கறிக் குழம்பு வந்து இறங்கியது. அவர் வீட்டு விருந்தில் மிஞ்சியது. நாங்கள் பொங்கும் அரிசியும் அவர் போடுவதுதான்.

மூடியைத் திறந்தேன். லேசான புளிச்ச வாடை. அந்த வெயில் காலத்தில் ராத்திரி முழுக்க மூடியே வைத்திருக்கிறார்கள், பாவிகள்! கிழங்கள்தானே, கேட்க யார் இருக்கிறார்கள்?

தலைமைக் கன்னியாஸ்திரீயை நாங்கள் மதர் என்போம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கொட்டினா அவர் மனசு நோகும். நல்லாக் கொதிக்க விடு, சரியாயிடும்" என்றார்.

நானும் அதையேதான் நம்பினேன். தளதளவென்று கொதிக்கவிட்டு இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டேன். வாடை போய்விட்டது. வாடை போனால் கெடுதலும் போயிற்று என்று நினைத்த மண்டு நான்.

வல்லத்துக் கிழவி ஒருத்தி எனக்குச் செல்லம். பல்லே கிடையாது. "இன்னொரு துண்டு போடும்மே, நாக்கு செத்துப் பூட்ச்சி" என்றாள். என் பங்கையும் அவள் தட்டிலேயே போட்டேன்.

சாயங்காலத்துக்குள் கறி தின்ற அத்தனை பேருக்கும் வாந்தி, பேதி. வாலாஜாபாத்திலிருந்து டாக்டர் வந்தார். கிழவியின் பாயருகே உட்கார்ந்து நாடி பார்த்தார்.

"என்னம்மா சாப்பிட்டாங்க? உண்மையச் சொன்னாதான் அதுக்கேத்த வைத்தியம் பண்ண முடியும்" என்றார் என்னிடம்.

மதர் என்னையே பார்த்தார். கறி என்று சொன்னால் ரைஸ்மில்காரர் பெயர் வெளியே வரும். அரிசி நின்றுபோகும், என் வேலையும் போகும்.

"கஞ்சிதான் சார்" என்றேன். இந்த நாக்கு அன்றைக்கே அழுகியிருக்கக் கூடாதா!

டாக்டர் நம்பவில்லை. கிழவியிடம் குனிந்து, "நீ சொல்லும்மா" என்றார். அவளுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள்.

"கஞ்சிதான் சார். அது பொய் சொல்லாது."

தண்ணீர்க் கோளாறாக இருக்கும் என்று, கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிவிட்டு டாக்டர் போனார். மறுநாள் அவள் செத்துப்போனாள். அந்த நெடி அடிக்கிற தண்ணீரில் நான்தான் அவளைக் குளிப்பாட்டினேன்.