குப்புராஜ் அண்ணனை நடக்க விடுங்கள்

எங்கள் ஹவுஸ் ஓனர் குப்புராஜ் அண்ணன் பீர்க்கன்கரணையிலேயே பிறந்து வளர்ந்தவர். வயல் இருந்த இடத்தில் எட்டு வாடகை வீடுகள் கட்டியிருக்கிறார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரோட்டில் யார் நடந்து போனாலும் பைக்கை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். முப்பது வருடமாக இதே வேலை. வேண்டாம் என்று சொல்பவர்களிடம் ஒரு வாரம் பேசமாட்டார்.

போன வருடம் அவருக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை இருநூற்று நாற்பது காட்டியது. "தினமும் உங்க ஊர் ஏரிக்கரையில முக்கால் மணி நேரம் நடங்க. மூணு மாசத்துல இறங்கலேன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர். அண்ணனுக்கு ஊசி என்றாலே பயம். வியாதி என்று ஊருக்குச் சொல்லவும் கௌரவம் தடுத்தது. எனக்கே அவர் மனைவி பேபி அக்கா சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புது ஷூவோடு கிளம்பினார். தெருமுனையிலேயே மளிகைக்கடை உஸ்மான் பாய் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா, வண்டி இன்னா ஆச்சு? எங்க போவணும்? ஏறு!"

"பால் வாங்கத்தாம்பா" என்று சமாளித்தார் அண்ணன்.

பாய் பால் பூத்துக்குக் கூட்டிப்போய், காத்திருந்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அடுத்த நாள் வேறொருவர் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். ஊரில் பாதிப் பேர் அவர் பைக்கில் ஏறியவர்கள். நன்றிக்கடன் தீர்க்க இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவார்களா? இரண்டு மாதத்தில் அக்காவின் ஃபிரிட்ஜ் முழுக்கப் பால் பாக்கெட். சர்க்கரை இருநூற்று அறுபது.

மறுநாள் காலை அண்ணனை மறித்தது பிளம்பர் சக்திவேல். மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது, ஆட்டோ கிடைக்காமல் நின்ற இருவரையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அண்ணன்தான். நான் எதிர் டீக்கடையில் இருந்தேன்.

"வண்டி இன்னா ஆச்சுண்ணா? ஏறு."

"வேணாண்டா."

"என் வண்டில ஒக்காரமாட்டியா நீ?" சக்திவேலின் முகம் சுருங்கிவிட்டது.

அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எல்லாரும் வண்டிக்கு இன்னா ஆச்சுன்னே கேக்கறீங்களே! எனுக்கு இன்னா ஆச்சுன்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களாடா? சுகர் கீதுடா எனுக்கு! நடக்கலேன்னா ஊசி!"

எனக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காதவன் நான். சக்திவேல் பைக்கை ஓரமாகப் பூட்டிவிட்டு அவரோடு நடந்தார். நானும் டீயை வைத்துவிட்டுப் போனேன்.

ஏரிக்கரையில் நல்ல காற்று. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தன. பாதிச் சுற்றில் அண்ணன் மூச்சு வாங்க நின்றார். "மனசு லேசா ஆன மாரி கீதுடா. இங்கயே பொறந்தேன், இந்தக் கரை மேல காலை வச்சு எத்தினி வருசம் ஆச்சு!"

விஷயம் பரவியது. அவரைத் தனியாக நடக்க விட யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் உஸ்மான் பாயும் சேர்ந்துகொண்டார்.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க எல்லோரும் சேர்ந்தே போனோம். உள்ளே போன அண்ணன், கண்ணெல்லாம் தண்ணீராக வெளியே வந்தார். நாங்கள் பதறி எழுந்தோம். அவர் சக்திவேலைக் கட்டிக்கொண்டு, மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "நூத்தி நாப்பதுடா! ஊசி வேணாமாம்டா!"